இருபத்தேழாவது வரி

செவ்வாய்க்கிழமை, மதியம் 12.25.

அவசரப் பிரிவின் கூடத்தைத் துடைத்துக்கொண்டு வந்த பெண், மூன்றாவது பெஞ்சுக்கு எதிரில் நின்றாள். "பெரியவரே, காலைக் கொஞ்சம் தூக்குங்க" என்றாள். பெரியவர் தூக்கவில்லை. அசந்து தூங்குகிறார் போலிருக்கிறது என்று அவருடைய செருப்பைச் சுற்றியே துடைத்துவிட்டு நகர்ந்தாள். நாலடி போனதும் மனசுக்கு என்னவோ செய்தது. திரும்பி வந்து தோளைத் தொட்டாள். பெரியவர் விரலிடுக்கிலிருந்த பச்சைச் சீட்டு நழுவி ஈரத்தரையில் விழுந்தது. அதில் "காத்திருக்கவும்" என்று அச்சாகியிருந்தது.

தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்த மகள் அப்போதுதான் வாசலில் நுழைந்தாள்.

அந்தச் சீட்டைக் கொடுத்தது ஓர் இயந்திரம். வருகிறவரின் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், வாயால் சொல்லும் உபாதை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, சிவப்பா பச்சையா என்று சொல்லும் செயற்கை நுண்ணறிவு. சிவப்பு என்றால் உடனே டாக்டர். பச்சை என்றால் பெஞ்ச். ஆனால் சட்டம் அதற்கு ஒரு கடிவாளம் போட்டிருந்தது. இயந்திரம் யோசனை சொல்லலாம், முடிவு செய்யக்கூடாது. ஒரு மனிதர் பார்த்து "உறுதி" என்று அழுத்திய பிறகுதான் அது செல்லும்.

பதிவேடு சொன்னது இது. 11.40.40, இயந்திரம்: பச்சை. 11.42.10, பணியிலிருந்த செவிலியர்: உறுதி.

செவிலியர் சொன்னது ஒரே வாக்கியம். "நான் அழுத்தவே இல்ல."

வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு விசாரணைக் குழு கூடுவதாக இருந்தது. பதிவேடு சரி என்று முடிவானால் செவிலியரின் தொழில் உரிமம் ரத்தாகும். பதினெட்டு வருட வேலை போவதோடு விஷயம் போலீசுக்கும் போகும்.

வியாழன், காலை 9.10.

கண்காணிப்பு அலுவலகத்திலிருந்து வந்தவரை எல்லோரும் "லிஃப்ட்காரர்" என்றுதான் சொல்வார்கள். இருபது வருடம் லிஃப்ட் பரிசோதகராக இருந்துவிட்டு, இந்தச் சட்டம் வந்ததும் இங்கே மாற்றப்பட்டவர். கம்ப்யூட்டர் படித்த இளசுகள் கேலியாக வைத்த பெயர். அவருக்கு அதில் வருத்தம் இல்லை. லிஃப்ட் கதவு யாருடைய படிப்பையும் பார்க்காது என்பது அவர் கட்சி.

அன்று அவர் கொஞ்சம் கடுகடுப்பாகவே வந்திருந்தார். பழைய லிஃப்ட் மணி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் மாட்டியிருந்தார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். காலையில் வாங்கிக் கட்டிக்கொண்டார். "நான் பேசாம இருந்தா ஒத்துக்கிட்டேன்னு அர்த்தமா? கொதிச்சிட்டிருக்கேன்னு அர்த்தம்." மணி இப்போது அவர் பையில் இருந்தது.

செவிலியர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கண் வீங்கியிருந்தது.

"11.42க்கு எங்க இருந்தீங்க, சிஸ்டர்?"

"பக்கத்து அறையில. ஒரு குழந்தைக்கு வலிப்பு. தலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"அப்புறம் எப்படி நீங்க அழுத்தியிருக்க முடியும்?"

"அந்தத் திரை என் இடுப்புப் பையிலேயே இருக்கு சார். எங்க இருந்தாலும் ஒரு கையால அழுத்தலாம். அதனால நான் எங்க இருந்தேன்னு யாரும் கேக்கறதே இல்ல."

"பெரியவரைப் பாத்தீங்களா?"

செவிலியர் தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல. குழந்தைய விட்டுட்டு வந்தப்ப பட்டியல்ல அவர் பேரே இல்ல. யாரோ பாத்துட்டாங்கன்னு நினைச்சேன்."

உண்மை சொல்கிறவர்கள் தங்களுக்கு எதிரானதையும் சேர்த்துச் சொல்வார்கள். நன்றாகப் பொய் சொல்லத் தெரிந்தவர்களும் அதைச் செய்வார்கள். லிஃப்ட்காரர் இரண்டையும் பார்த்திருக்கிறார். அதனால் அவர் யாரையும் நம்பிவிடவில்லை. செவிலியரின் கடைசி இரண்டு வாரப் பதிவை அச்செடுத்துத் தரச் சொன்னார்.

பென்சிலை எடுத்துக்கொண்டு, இயந்திரம் நிறம் சொன்னதற்கும் அவர் உறுதி செய்ததற்கும் நடுவில் எத்தனை விநாடி என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே போனார். 7. 19. 12. 41. 90. 33. 8. 90. 90. 26.

பக்கம் திருப்பினார். மூன்று பக்கம் முடிந்ததும் பென்சிலைக் கீழே வைத்தார்.

"சிஸ்டர், நிறைய தடவை தொண்ணூறு செகண்ட் எடுத்திருக்கீங்க. ஒரு தடவைகூடத் தொண்ணூத்தொண்ணு எடுக்கலையே?"

செவிலியர் புரியாமல் பார்த்தார். புரிய வேண்டியவருக்குப் புரிந்துவிட்டது. மனிதக் கை அழுத்தியதல்ல அது. தொண்ணூறு விநாடி யாரும் பதில் தராவிட்டால் இயந்திரமே தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு, கீழே செவிலியர் பெயரைப் போட்டிருக்கிறது.

"அப்ப நான் தப்பிச்சேனா சார்?"

"இன்னும் இல்ல. இயந்திரத்த அப்படித்தான் செய்யணும்னு முறைப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டு வெச்சிருந்தாங்கன்னா, நீங்க சும்மா இருந்ததும் அழுத்தின கணக்குதான். சட்டம் அப்படித்தான் பேசும். எழுதியிருக்கான்னு பாத்துட்டு வரேன்."

காலை 10.30.

இயந்திரம் செய்த நிறுவனம் ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருந்தது. லிஃப்டில் ஏறியதும் கதவின் ரப்பர் விளிம்பைப் பழக்கதோஷத்தில் அழுத்திப் பார்த்தார். சரியாக இருந்தது.

தலைமைப் பொறியாளர் வாசலுக்கே வந்து கைகுலுக்கினார். பளிச்சென்ற சட்டை. தேநீர் தயாராக இருந்தது. மேசையில் ஒரு கோப்பும் தயாராக இருந்தது, நாலாம் பக்கம் திறந்தபடி. லிஃப்ட்காரர் இன்னும் எதையும் கேட்கவில்லை.

"சார், நாங்க கட்டறவங்க மட்டும்தான். சட்டத்தப் படிச்சு, அதுக்கு இயந்திரம் என்னென்ன செய்யணும்னு வரி வரியா எழுதிக் குடுக்க ஒரு மேடம் இருக்காங்க. பட்டியலம்மான்னு கூப்பிடுவோம். அவங்க எழுதறத நாங்க கட்டறோம். அறுபத்து நாலு வரி. இதோ பாருங்க."

லிஃப்ட்காரர் பார்த்தார்.

"26. செவிலியர் உறுதி செய்யாதவரை நோயாளி டாக்டரின் பட்டியலிலேயே இருக்க வேண்டும், பெஞ்சுக்கு அனுப்பக்கூடாது.

27. தொண்ணூறு விநாடிக்குள் பதில் இல்லையென்றால், பணியிலுள்ள செவிலியர் உறுதி செய்ததாகக் கொள்ள வேண்டும்."

கடைசிப் பக்கத்தில் பட்டியலம்மாவின் கையெழுத்து இருந்தது. மற்ற பக்கங்களில் கையெழுத்து இல்லை.

"இந்த இருபத்தேழு எப்ப வந்தது?"

"ஆரம்பத்துல இருந்தே இருக்கு சார். நான் சேந்து பதினாலு மாசம் ஆகுது. வந்த முதல் நாளே இந்த வரியப் படிச்சேன். எனக்கே கொஞ்சம் உறுத்தல்தான். ஆனா மேடம் எழுதினத நான் எப்படி மாத்தறது?"

"இந்தக் கோப்பு எங்க இருக்கும்?"

"பீரோவுல. சாவி மூணு பேர்கிட்ட. மேடம், நான், சோதனை பண்றவர்."

"கம்ப்யூட்டர்ல பழைய பிரதி?"

"போன மாசம் சர்வர் மாத்தினோம். பழசெல்லாம் போயிருச்சு" என்று பொறியாளர் உதட்டைப் பிதுக்கினார். "எப்படியும் சட்டத்துக்கு முன்னாடி இந்தக் காகிதம்தானே சார் செல்லும்?"

அவர் சொன்னது சரிதான். அதனாலேயே லிஃப்ட்காரருக்குத் தேநீர் கசந்தது. பட்டியல் இருந்த கோப்பை மூடித் தன் பையில், மணிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "யார்கிட்டயும் எந்த நம்பர் வரின்னு சொல்லாதீங்க" என்றார்.

காலை 11.15.

பட்டியலம்மாவின் அறை ஒடுக்கமானது. ஒரு மேசை, சட்டப் புத்தகம், சுவரில் சாவிப் பலகை. பன்னிரண்டு கொக்கி, பதினொரு சாவி. ஒன்பதாம் கொக்கி வெறுமையாக இருந்தது. தனியாக ஒரு சாவி மேசை மேல் கிடந்தது.

"இத ஒன்பதுல மாட்டலாமே?" என்றார் லிஃப்ட்காரர், பேச்சை ஆரம்பிக்க.

"ஒன்பது பழைய கிடங்குச் சாவி. தொலைஞ்சு போச்சு. அங்க வேற சாவிய மாட்டினா, பழைய ஞாபகத்துல யாராவது எடுத்துட்டுப் போய்க் கதவோட மல்லுக்கட்டுவாங்க. இதுக்குப் பதிமூணாவது கொக்கி அடிக்கணும்." அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். "நீங்க கொக்கியப் பாக்க வரல."

"இல்ல. உங்க வேலையப் பத்திச் சொல்லுங்க."

"சட்டத்துல 'மனிதரின் பயனுள்ள மேற்பார்வை'ன்னு ஒரு வாசகம். கேக்க நல்லாத்தான் இருக்கு. அத வெச்சு ஒரு பொத்தான் செய்யச் சொல்லுங்க பாப்போம்."

"லிஃப்ட் சட்டத்துலயும் 'யாரும் நசுங்கக்கூடாது'ன்னுதான் இருந்துச்சு" என்றார் லிஃப்ட்காரர். "கதவு எவ்வளவு அழுத்தத்துல திரும்பித் திறக்கணும்னு யாராவது எழுதினாத்தான் விரல் தப்பிக்கும்."

முதல்முறையாக அந்த அம்மாள் லேசாகச் சிரித்தார். "அந்த யாராவது நான்தான்."

"செவிலியர் பதில் சொல்லாட்டி உறுதி பண்ணினதா எடுத்துக்கலாம்னு எழுதினீங்களா?"

சிரிப்பு நின்றது. "இல்ல. அப்படி ஒரு வரி என் பட்டியல்லயே கிடையாது. இருக்குன்னு நேத்துலருந்து இங்க முணுமுணுக்கறாங்க. பீரோவத் திறந்து காட்டுங்கன்னா, விசாரணை முடியட்டும்ங்கறாங்க. சாவியையும் வாங்கிட்டாங்க."

"யார் வாங்கினாங்க?"

"தலைமைப் பொறியாளர். ரொம்ப மரியாதையா வாங்கினார்."

கோபம் உண்மையாகத்தான் தெரிந்தது. ஆனால் தப்பைச் செய்துவிட்டு மறைக்கிறவர்களுக்கும் கோபம் வரும். லிஃப்ட்காரர் எழுந்துகொண்டார்.

காலை 11.50.

சோதனை செய்பவருக்கு "ஸ்டாப்வாட்ச்" என்று பெயர். கழுத்தில் கயிறு போட்டு நிஜமாகவே ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். குளிரூட்டிய அறையில் அவருக்கு மட்டும் வியர்த்துக்கொட்டியது. இவர் எதையோ மறைக்கிறார் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"உங்க வேலை என்ன?"

"பட்டியல்ல ஒவ்வொரு வரிக்கும் ஒரு சோதனைத் தாள் சார். அந்த வரி சொல்றத இயந்திரம் செய்யுதான்னு பாத்து டிக் போடணும். புதுசா எது மாத்தினாலும் மறுபடி எல்லாத்தையும் பாக்கணும்."

"தாளெல்லாம் குடுங்க."

தடிமனான கட்டு. எண் வரிசைப்படி இருந்தது. லிஃப்ட்காரர் விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார். இருபத்தாறாம் தாளில் "உறுதி செய்யாமல் 60 விநாடி காத்திருந்தேன். நோயாளி பெஞ்சுக்குப் போகவில்லை. சரி" என்று இருந்தது. அடுத்த தாளில் குறுக்கே இரண்டு சிவப்புக் கோடு. கீழே இரண்டு கையெழுத்து, தேதி இரண்டு வருடம் பழையது. அதற்கடுத்தது இருபத்தெட்டு.

சிவப்புக் கோடு போட்ட தாளை மட்டும் உருவி எடுத்துக்கொண்டார்.

"எப்பவும் அறுபது செகண்ட்தானா?"

ஸ்டாப்வாட்ச் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "எப்பவும் அறுபதுதான் சார். எவ்வளவு நேரம் நிக்கணும்னு வரியில இல்ல. ஒரு நிமிஷம் போதும்னு நானே வெச்சுக்கிட்டேன். நான் நிக்கறதப் பாத்து இங்க எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. பொறியாளர்கூட 'மணி அடிச்சிருச்சா'ன்னு கேப்பார், அவர் மேசை இந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் அரை நிமிஷம் நின்னிருந்தேன்னா அந்தப் பெரியவர் உயிரோட இருந்திருப்பார். ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல."

மறைத்தது அதைத்தான். லிஃப்ட்காரர் தாள் கட்டைத் தட்டி அடுக்கினார். ஆறுதல் சொல்லலாம் போலத்தான் இருந்தது. ஆனால் அந்த அரை நிமிஷம் பொய்யில்லை.

மாலை 4.00.

ஆஸ்பத்திரியின் கூட்ட அறை. மருத்துவமனைத் தலைவர் நடுவில். ஒரு பக்கம் செவிலியர். அவருக்கு நேர் எதிரே இறந்தவரின் மகள், செவிலியரை விட்டுக் கண்ணை எடுக்காமல். நிறுவனத்திலிருந்து மூன்று பேர்.

லிஃப்ட்காரர் பதிவுத் தாளை நீட்டித் தொண்ணூறுகளைக் காட்டினார். இயந்திரமே அழுத்திக்கொண்டதை அறை புரிந்துகொள்ள ஐந்து நிமிடம் ஆயிற்று. பொறியாளர் மறுக்கவில்லை.

"ஆமா சார். பட்டியல்ல இருக்கு, கட்டினோம். செவிலியர் அத தெரிஞ்சு வெச்சிருக்கணும்."

லிஃப்ட்காரர் கோப்பைத் திறந்து நாலாம் பக்கத்தைப் பட்டியலம்மா முன்னால் தள்ளினார். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வரியைக்கூடப் படிக்கவில்லை. எண்ணைப் பார்த்த உடனேயே தலை நிமிர்ந்தது.

"இருபத்தேழா? இருபத்தேழு செத்துப் போச்சே."

"எல்லாருக்கும் புரியற மாதிரிச் சொல்லுங்க."

"ரெண்டு வருஷம் முன்னால இருபத்தேழுன்னு ஒரு வரி இருந்துச்சு. நோயாளியோட முகப் படத்த ஒரு வருஷம் வெச்சிருக்கணும்னு. அது சட்டத்துக்கே ஆகாதுன்னு இவர்தான் கண்டுபிடிச்சார்." ஸ்டாப்வாட்சைக் காட்டினார். "எடுத்துட்டோம். எடுத்த நம்பர மறுபடி யாருக்கும் குடுக்க மாட்டோம். பழைய சோதனை ஒண்ணு புது வரிக்குப் பொருந்தித் தொலைஞ்சா ஆபத்து. பட்டியல்ல இருபத்தாறு, அடுத்தது இருபத்தெட்டு. நடுவுல ஓட்டை. அப்படித்தான் கையெழுத்துப் போட்டேன்."

லிஃப்ட்காரர் சிவப்புக் கோடு போட்ட தாளை மேசையில் வைத்தார்.

"இதுதான் அந்த இருபத்தேழு. கீழ மேடம் கையெழுத்தும் சோதனை பண்ற இவர் கையெழுத்தும் இருக்கு. ரெண்டு வருஷம் முன்னால. இனி யோசிங்க. பீரோ சாவி மூணு பேர்கிட்ட. மேடத்துக்குக் கள்ள வரி சேக்கணும்னா அறுபத்தஞ்சுன்னு கடைசியில சேப்பாங்க. தொலைஞ்ச சாவியோட கொக்கியில வேற சாவி மாட்டாத ஆளு, செத்த நம்பருக்கு உயிர் குடுக்க மாட்டாங்க. இவருக்கோ தினமும் நம்பரோடதான் பொழப்பு. இருபத்தேழு ஏன் இல்லைன்னு இவருக்கு மனப்பாடம். அந்த ஓட்டையப் பாத்து, அட, வசதியா ஒரு இடம் காலியா இருக்கே, மத்த பக்கம் எதையும் தொட வேண்டாமேன்னு நினைக்கக்கூடியவர் ஒருத்தர்தான். ஓட்டை விழுந்தப்ப இங்க இல்லாதவர். பதினாலு மாசம் முன்னாடி சேந்தவர்."

பொறியாளர் சிரிக்க முயன்றார். "சார், நம்பர் விஷயம் எனக்குத் தெரியாமப் போச்சுங்கறதால நான்தான்னு..."

"வந்த முதல் நாளே படிச்சேன்னு சொன்னீங்களே. முதல் நாள் அங்க ஒண்ணுமே இல்லையே. எதப் படிச்சீங்க?"

பொறியாளர் நாலாம் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்து மறுபடி பார்த்தார்.

"சரி, இன்னொண்ணு சொல்லுங்க. ஏன் தொண்ணூறு? ஏன் முப்பது இல்ல? அறுபது இல்ல?" லிஃப்ட்காரர் ஸ்டாப்வாட்சின் கழுத்துக் கயிற்றைக் காட்டினார். "இவர் அறுபது செகண்ட்தான் நிப்பார்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலருந்து தினமும் பாத்தீங்க. அது எழுதி வெச்ச வரியா இருந்தா இவர் தொண்ணூறு தாண்டி நின்னிருப்பார், அதுக்கு ஒரு தாளும் இருந்திருக்கும். இவர் கண்ணுக்குப் படக்கூடாதுன்னுதான் தொண்ணூறு. முதல்ல இயந்திரத்துல யாருக்கும் சொல்லாம வெச்சீங்க. பெரியவர் செத்ததும் நாலாம் பக்கத்த மாத்தி, மேடம் தலையில கட்டினீங்க."

யாரும் பேசவில்லை. தொண்ணூறு விநாடிக்கு மேலேயே இருக்கும். லிஃப்ட்காரருக்குக் காலையில் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது. ஒருவர் பேசாமல் இருப்பதற்கு ஆயிரம் அர்த்தம் இருக்கலாம். அதில் தனக்குத் தோதானதைப் பொறுக்கி எடுத்து அதை இன்னொருவர் பெயரில் எழுதி வைத்த மனிதரை அவருக்கு அடியோடு பிடிக்கவில்லை.

"டாக்டர் பட்டியல் தேங்குதுன்னு தினமும் புகார்" என்றார் பொறியாளர் கடைசியில், மேசையைப் பார்த்து. "செவிலியர்கள் லேட் பண்ணாங்க. பாதிப் பேருக்கு மேல பச்சைதானே, இயந்திரம் பெரும்பாலும் சரியாத்தான் சொல்லும். யாருக்கும் எதுவும் ஆகாதுன்னு நினைச்சேன்."

மருத்துவமனைத் தலைவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். செவிலியர் இடுப்புப் பையிலிருந்து திரையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்தது உடைந்து வெளியே வந்தது.

மகள் இப்போதுதான் அவரிடமிருந்து கண்ணை எடுத்தாள். லிஃப்ட்காரரைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் புரியல அண்ணே. அப்ப எங்கப்பாவுக்குப் பச்சைன்னு சொன்னது சரின்னு அழுத்தினது யாரு?"

"யாரும் அழுத்தலம்மா."

"யாராவது அவரைப் பாத்தாங்களா?"

லிஃப்ட்காரர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். இருபது வருடத்தில் எத்தனையோ வீட்டாருக்கு எத்தனையோ விளக்கம் சொல்லியிருக்கிறார். "இல்லம்மா" என்றார். "ஒருத்தர் பாத்தே ஆகணும்னுதான் சட்டம் போட்டாங்க. யாரும் பாக்கல."

மகள் தலையாட்டினாள். பச்சைச் சீட்டை இன்னும் வைத்திருந்தாள். ஈரம் காய்ந்து விறைத்துப் போயிருந்தது.

பட்டியலம்மா தன் நோட்டைத் திறந்தார். இருபத்தேழைத் தொடவில்லை. கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கள்ள வரிக்கு 65 என்ற எண்ணைக் கொடுத்து, குறுக்கே இரண்டு கோடு போட்டுப் புதைத்தார். அதன் கீழே எழுதினார்: "66. எவ்வளவு நேரமானாலும், ஒரு மனிதர் நேரில் பார்க்காமல் எதையும் உறுதி செய்ததாகக் கொள்ளக்கூடாது." பிறகு எழுதியதை ஸ்டாப்வாட்ச் பக்கம் திருப்பினார்.

அவர் இரண்டு முறை படித்தார். "இத எப்படி மேடம் சோதிக்கறது? எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"யாராவது வந்து பாக்கற வரைக்கும்" என்றார் பட்டியலம்மா.

ஸ்டாப்வாட்ச் கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றி, மேசை மேல் வைத்தார்.